சான்ட்ரோ டைமிங் பெல்ட், டென்ஷனர்: வீட்டு வாசலில் வைத்தே மாற்றலாமா?

உறையூர்வாசி | வியாழன், இரவு 9:40

2008-ஆம் ஆண்டு சான்ட்ரோ ஜிங், 1,14,000 கிலோமீட்டர். டைமிங் பெல்ட்டைக் கடைசியாக மாற்றியது 58,000-இல். அந்த ரசீது டேஷ்போர்டு பெட்டியில் மஞ்சளேறிக் கிடக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் 56,000தான். ஆண்டுக் கணக்கில் பத்தைத் தாண்டிவிட்டது. அப்பா இருந்தவரை ஞாயிறுதோறும் துடைப்பார், காய்கறிச் சந்தைக்கு எடுத்துப் போவார். வண்டிக்கு அவ்வளவுதான் வேலை.

நேற்று பெல்ட்டின் மேல் மூடியை மட்டும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பெல்ட்டின் முதுகு கண்ணாடி போல மினுங்குகிறது. ஒரு பல்லின் அடியில் நகத்தை வைத்து லேசாக அழுத்தியதும் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. அதன் பிறகு வண்டியை எடுக்கவில்லை.

பட்டறையில் 7,800 ரூபாய் கேட்டார்கள். பணம் பெரிதில்லை. "பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்" என்றேன். "அது நன்றாகத்தான் இருக்கும், பெல்ட் மட்டும் போதும்" என்றார் அங்கிருந்தவர், பானெட்டைத் திறக்காமலேயே. திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன், நானே செய்வதென்று.

இதுவரை ஆயில், பிரேக் பேட், ஆல்டர்னேட்டர் பெல்ட் மாற்றியிருக்கிறேன். ஒருமுறை ரேடியேட்டரும் மாற்றினேன். டிராலி ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, சாக்கெட் பெட்டி, டார்க் ரெஞ்ச் எல்லாம் கையில் இருக்கின்றன. சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஒதுக்கிவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலையில் தவறு நேர்ந்தால் திரும்பச் சரிசெய்யவே முடியாத இடம் எது?

பீளமேடு பட்டறை | வியாழன், இரவு 10:25

தம்பி, நல்ல கேள்வி. முப்பது வருடம் பட்டறை வைத்திருந்தேன், இப்போது மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன்.

உங்கள் இன்ஜின் 1086 சிசி, நான்கு சிலிண்டர், 12 வால்வு. சிலிண்டருக்கு மூன்று: உள்ளிழுக்க இரண்டு, புகை வெளியேற ஒன்று. வால்வு முழுதாகத் திறந்து தொங்கும் நேரத்தில் பிஸ்டன் மேலே வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்த அளவுக்கு இடம் நெருக்கம். ஒன்று இறங்கும்போது மற்றது விலகிப் போவதால்தான் வண்டி ஓடுகிறது. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் பிணைத்து அந்த ஒழுங்கைக் காப்பது அந்த ரப்பர் பட்டை ஒன்றுதான். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே திரும்ப முடியாத இடம் சாவியைத் திருப்பும் இடம். அதற்கு முன்னால் நீங்கள் செய்யும் எந்தத் தவறையும் கழற்றி மாட்டிச் சரிசெய்துவிடலாம். கேம், கிராங்க் சக்கரங்களின் குறி தவறியதா, மறுபடி வையுங்கள். பெல்ட்டின் இழுவை தவறியதா, தளர்த்திவிட்டு மறுபடி வையுங்கள். கையால் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட்டர் போட்டீர்களானால் அதற்கு மேல் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்குகிற வேலைதான்.

வேலூர் கணக்கர் | வியாழன், இரவு 10:51

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன்: செய்யாதீர்கள். பட்டறைக் கூலியில் நீங்கள் மிச்சம் பிடிப்பது நான்காயிரம், ஐந்தாயிரம். வால்வு வளைந்தால் போவது அதைப்போல நாலைந்து மடங்கு. பிரேக் பேட் மாற்றியதும் டைமிங் பெல்ட் மாற்றுவதும் ஒன்றல்ல. வாழைக்காய் சீவத் தெரிந்தவரெல்லாம் பலாப்பழத்தை அறுக்க முடியாது.

திருப்பூர் மலர் | வெள்ளி, காலை 6:30

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதே வண்டி, 2006 மாதிரி. சங்ககிரி தாண்டி சேலம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன், வேகம் 80 இருக்கும். சத்தம் கித்தம் ஒன்றும் வரவில்லை. யாரோ சாவியை உருவிவிட்டது போல இன்ஜின் நின்றது. ஸ்டீயரிங் கனத்துவிட்டது, வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்தினேன். மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது, எதிலும் பிடிமானம் இல்லாதது போல. அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. ஏழு வால்வு வளைந்திருந்தன. லேத் கூலி, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 19,000 ஆனது.

அந்தப் பெல்ட் போட்டு இரண்டே வருடம் ஆகியிருந்தது. பட்டறையில்தான் போட்டார்கள். அறுந்ததற்குக் காரணம் பெல்ட் இல்லை, பழைய டென்ஷனர். உள்ளே பேரிங் இறுகி, உருளை சுற்றாமல் நின்றிருக்கிறது. பெல்ட் அதன்மேல் தேய்ந்து தேய்ந்தே அறுந்தது. கழற்றியபோது உருளையின் ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது. ஆகவே வேலூர் ஐயா, பட்டறைக்குப் போனால் பத்திரம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் செய்கிறார்கள் என்பதைவிட எதை விட்டுவிடுகிறார்கள் என்று பாருங்கள்.

கொக்குவில் குமரன் | வெள்ளி, காலை 7:15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது பழைய கொரோலா, 5ஏ எஞ்சின். நாங்கள் ரைமிங் பெல்ற் என்று எழுதுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் கிளிநொச்சிக்குக் கிட்ட நடுவீதியில் அறுந்தது. பிழை என்னுடையதுதான், மாற்ற வேண்டிய காலம் கடந்தும் ஓடினேன். கயிறு கட்டி இழுத்து வந்து புதுப் பெல்ற் போட்டவுடன் ஒன்றும் நடவாதது போல ஓடியது. அந்த எஞ்சினில் வால்வும் பிஸ்ரனும் முட்டாது, பெல்ற் அறுந்தாலும் நட்டமில்லை. ஆகவே அடுத்தவர் வாகனத்தின் அனுபவத்தை வைத்து உங்கள் எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம், என்னுடையதும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. புதுப் பெல்ற்றில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் அவை பூட்டும்போது உதவுமே தவிர, இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு குறிகளோடு சேராது. பெல்ற் பல்லின் எண்ணிக்கையும் சக்கரப் பல்லின் எண்ணிக்கையும் அப்படி. இது தெரியாமல் நான் மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன்.

பழைய வண்டிப் பித்தன் | வெள்ளி, காலை 9:02

இடையில் ஒரு செய்தி. பல் வைத்த ரப்பர் பட்டையை முதலில் 1940-களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்காகத்தான் செய்தார்கள். அதைப் பெருமளவில் தயாரான காரின் கேம் ஷாஃப்ட்டை முதலில் சுற்ற வைத்தது 1962-இல், ஜெர்மனியின் கிளாஸ் என்ற சிறிய நிறுவனம், 1004 என்ற காரில். அதுவரை பெரும்பாலும் சங்கிலியோ பல்சக்கரமோதான். சத்தம் குறைவு, விலை குறைவு, எண்ணெய் தேவையில்லை என்பதால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சான்ட்ரோவும் நம் ஊர்க் கார்தான். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் தொடங்கியது.

வேலூர் கணக்கர் | வெள்ளி, காலை 9:20

வரலாறு இருக்கட்டும் ஐயா, வால்வைப் பற்றிப் பேசுவோம்.

உறையூர்வாசி | வெள்ளி, மாலை 6:45

மலர் அம்மா எழுதியதைப் படித்ததும் மனைவியிடம் காட்டினேன். "அப்படியானால் டென்ஷனர் இல்லாமல் வேலையைத் தொடாதே" என்றாள். இன்று உதிரிபாகம் வாங்கிவிட்டேன். முதல் கடையில் தந்த பெல்ட்டின் பெட்டி அசல் போலவே இருந்தது. பெல்ட்டின் மேல் அச்சிட்ட எழுத்தை எச்சில் தொட்ட விரலால் தேய்த்தேன், கையோடு வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுவன உதிரிபாகக் கடைக்கே போனேன். பெல்ட், டென்ஷனர், அதன் ஸ்பிரிங், கிராங்க் ஆயில் சீல், கேம் ஆயில் சீல். வாட்டர் பம்ப்பும் வாங்க வேண்டுமா? இப்போது ஒழுகவில்லை.

பீளமேடு பட்டறை | வெள்ளி, இரவு 8:10

வாங்குங்கள். உங்கள் வண்டியில் வாட்டர் பம்ப்பைக் கழற்ற வேண்டுமென்றால் டைமிங் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். இன்று பம்ப்பை விட்டுவிட்டு ஆறு மாதத்தில் அது ஒழுகினால் இதே வேலை முழுக்க மறுபடியும். போதாததற்குக் கூலன்ட் பெல்ட் மேல் வடிந்துவிடும்.

சீல் வாங்கியது ரொம்ப நல்லது. பெல்ட்டுக்கு வயதைவிடப் பெரிய எதிரி எண்ணெய். கிராங்க் சீல் கசிந்து எண்ணெய் குடித்த பெல்ட் ஊறிப்போய்ப் பல் பல்லாகக் கழன்று வரும். கையில் கிரீஸ் இருந்தால் பெல்ட்டைத் தொடாதீர்கள். மடக்கவோ உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பவோ கூடாது. உள்ளே ஓடுவது கண்ணாடி இழை, ஒருமுறை ஒடிந்தால் வெளியே தெரியாது.

இப்போது டென்ஷனர். எல்லோரும் குறியைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். குறி கண்ணுக்குத் தெரிகிற விஷயம், கண் உள்ளவர் யாரும் வைத்துவிடலாம். வேலையின் சூட்சுமம் இழுவையில் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது.

பெல்ட்டுக்கு இரண்டு பக்கம். ஒன்று இழுக்கும் பக்கம், மற்றது தொங்கும் பக்கம். கிராங்க் கடிகார முள் போகும் திசையில் சுற்றும்போது கேமிலிருந்து கிராங்குக்கு இறங்கி வருகிற பக்கம்தான் விறைக்கும். எதிர்ப்பக்கத்தில் மிச்சத் தொய்வு சேரும், டென்ஷனர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பெல்ட்டைப் போடும்போது முதலில் கிராங்க் சக்கரம், அங்கிருந்து டென்ஷனர் இல்லாத பக்கமாக விறைப்பாக மேலே கேம் சக்கரம், கடைசியில் டென்ஷனர். இழுக்கும் பக்கத்தில் அரைப் பல் தொய்வு விட்டாலும் அதை டென்ஷனர் தன் பக்கத்திலிருந்து சரிசெய்யாது. இன்ஜினைச் சுற்றும்போதுதான் அது வெளியே வரும். வரும்போது உங்கள் குறியையும் நகர்த்திவிட்டு வரும்.

இந்த வகை டென்ஷனரில் இரண்டு போல்ட் உண்டு. ஒன்று அச்சு, அதைச் சுற்றித்தான் டென்ஷனர் ஆடும். மற்றது நீண்ட பிளவுக்குள் நகரும். இரண்டையும் தளர்த்தினால் ஸ்பிரிங் தானாகத் தள்ளி வேண்டிய இழுவையைக் கொடுக்கும். நீங்கள் கையாலோ கம்பியாலோ நெம்பிக் கூடுதலாக இறுக்கக் கூடாது. ஸ்பிரிங்குக்குத் தெரியும் எவ்வளவு வேண்டுமென்று. பிறகு கிராங்கைக் கடிகாரத் திசையில், கேம் சக்கரம் இரண்டு மூன்று பல் நகரும் அளவுக்கு மெதுவாகச் சுற்றுங்கள். இழுக்கும் பக்கம் விறைத்து, தொய்வு முழுதும் டென்ஷனர் பக்கம் போய்ச் சேரும், ஸ்பிரிங் அதையும் எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் முதலில் பிளவுப் பக்கத்துப் போல்ட்டை இறுக்குங்கள், அடுத்துதான் அச்சுப் போல்ட். மாற்றி இறுக்கினால் போல்ட் திரும்பும் வேகத்தில் டென்ஷனரும் கூடவே திரும்பி பெல்ட்டை அளவுக்கு மேல் இழுத்துவிடும். அப்படி இழுத்தால் ஊளைச் சத்தம் வரும், வாட்டர் பம்ப் பெல்ட்டைப் போய்ச் சந்தேகப்படுவீர்கள்.

இரண்டு போல்ட்டுக்கும் 20 முதல் 27 நியூட்டன் மீட்டர் போதும். ஆத்திரத்தைக் காட்ட வேண்டாம், அலுமினியத்தில் மரை போனால் அழுகைதான்.

உறையூர்வாசி | சனி, காலை 11:30

போர்டிகோ முழுக்க வழவழப்பான டைல்ஸ். முதலில் அதுதான் பயமாக இருந்தது. பழைய ரப்பர் மிதியடிகளை விரித்து, மேலே பலகை போட்டு ஸ்டாண்டு நிறுத்தினேன். பின் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டு. பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டேன். முன் வலது சக்கரம், உள் சேற்றுத் தடுப்பு, மூன்று பெல்ட்டுகள், வாட்டர் பம்ப் புல்லி வெளியே வந்தாயிற்று. ஆயில் தொட்டிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு வலது பக்க இன்ஜின் மவுண்ட்டைக் கழற்றினேன்.

இப்போது கிராங்க் புல்லி போல்ட்டில் நிற்கிறேன். ஒரு மணி நேரமாக அசையவில்லை. இணையத்தில் ஒரு வழி சொல்கிறார்கள்: நீளமான கம்பியைப் போல்ட்டில் மாட்டி, தரையில் முட்டுக் கொடுத்து, ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடுமாம். செய்யலாமா?

வேலூர் கணக்கர் | சனி, காலை 11:38

செய்யவே கூடாது.

கொக்குவில் குமரன் | சனி, காலை 11:44

பலர் செய்கிறார்கள்தான். நானும் ஒருதரம் செய்தேன். கம்பி வழுக்கிச் சேற்றுத் தடுப்பைக் கிழித்தது. காலைக் கிழிக்காதது என் அதிர்ஷ்டம்.

பீளமேடு பட்டறை | சனி, காலை 11:52

வேண்டாம் தம்பி. பேட்டரியைத்தான் கழற்றிவிட்டீர்களே, அது அப்படியே இருக்கட்டும். வண்டியை ஐந்தாவது கியரில் போட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லுங்கள். சாக்கெட் கைப்பிடியில் ஒரு மீட்டர் இரும்புக் குழாயைச் சொருகுங்கள். வெடுக்வெடுக்கென்று இழுக்க வேண்டாம், உங்கள் உடல் எடையை மெதுவாகச் சாயுங்கள். முதல் கியர் வேண்டாம், ஐந்தாவதுதான். முதல் கியரில் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பல் விகிதம் அதிகம், பிரேக்கை மிதித்தாலும் சற்று ஆட்டம் கொடுக்கும்.

உறையூர்வாசி | சனி, மதியம் 12:35

வந்துவிட்டது! குழாய் அப்பாவின் அடிபம்ப்புக் கைப்பிடி. பிரேக்கை மிதித்தது மனைவி. போல்ட் "டக்" என்று விட்ட சத்தத்தில் குழாய்தான் முறிந்தது என்று நினைத்து இருவரும் கத்திவிட்டோம். எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். இப்போது அவருக்கும் சேர்த்துக் காபி.

உறையூர்வாசி | சனி, மாலை 6:20

முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, கேம் சக்கரத்தின் குறியை ஹெட்டில் உள்ள குறிக்கும், கிராங்க் சக்கரத்தின் குறியை ஆயில் பம்ப் மேல் உள்ள குறிக்கும் நேராக வைத்தேன். புல்லியில் இருக்கும் வெட்டும் மூடியில் இருக்கும் எழுத்தும் புல்லியைக் கழற்றியதோடு போய்விட்டன என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது; கிராங்க் சக்கரத்துக்கென்று தனிக் குறி உள்ளே இருக்கிறது. எல்லா நிலையையும் படம் எடுத்துவிட்டுப் பழைய பெல்ட்டைக் கழற்றினேன். பெல்ட் வெளியே இருக்கும்போது கேமையோ கிராங்கையோ சுற்றவில்லை. இரண்டு சீல்களும் பம்ப்பும் மாட்டியாயிற்று. இருட்டிவிட்டது, டார்ச் வெளிச்சத்தில் குறி வைக்க மனமில்லை. நாளை பார்க்கிறேன். படங்களைப் போட்டிருக்கிறேன்.

திருப்பூர் மலர் | சனி, இரவு 9:15

நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிராங்க் சக்கரத்துக்கு முன்னால் தட்டு போல ஒரு தகடு வைத்திருக்கிறீர்களே, அதன் மடிந்த விளிம்பு பெல்ட் பக்கம் பார்க்கிறது. அது பெல்ட் வழுக்கி வெளியே வராமல் தடுக்கும் தகடு. விளிம்பு பெல்ட்டை விட்டு விலகி வெளிப்புறமாக வளைந்திருக்க வேண்டும். இப்படியே மூடினால் பெல்ட்டின் ஓரத்தைக் கத்தி போலச் சீவிவிடும்.

உறையூர்வாசி | சனி, இரவு 9:22

அம்மா, கும்பிடுகிறேன். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடிப் போய்த் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

உறையூர்வாசி | ஞாயிறு, காலை 10:05

அவசரம். பெல்ட் போட்டு, இரண்டு குறியும் நேராக இருப்பதைப் பார்த்து, ஸ்பிரிங்கை விட்டு, டென்ஷனரை இறுக்கினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினேன். எங்கும் முட்டவில்லை. ஆனால் கிராங்க் குறி நேராக வரும்போது கேம் குறி ஒரு பல் தள்ளி நிற்கிறது. மறுபடி இரண்டு சுற்று. அதே ஒரு பல். முட்டாமல் சுற்றுகிறதே, ஒரு பல்தானே, இப்படியே விட்டால் ஓடுமா?

வேலூர் கணக்கர் | ஞாயிறு, காலை 10:09

சொன்னேன். அப்படியே விட்டுவிட்டு யாரையாவது அழைத்து வாருங்கள்.

பீளமேடு பட்டறை | ஞாயிறு, காலை 10:20

பதறாதீர்கள், எதுவும் கெடவில்லை. இதற்குத்தான் கையால் சுற்றச் சொன்னேன்.

ஓடும், ஆனால் ஓட்டக் கூடாது. கிராங்க் சக்கரத்தின் பற்களை எண்ணிப் பாருங்கள். 20 என்றால் ஒரு பல்லுக்குக் கிராங்க் 18 பாகை தள்ளிப்போகிறது. வால்வு திறக்க வேண்டிய நேரத்துக்கு 18 பாகை முன்னாலோ பின்னாலோ திறந்தால் வண்டி நின்ற இடத்தில் நடுங்கும், மேடு ஏறாது, பெட்ரோலைக் குடிக்கும். கையால் சுற்றும்போது முட்டவில்லை என்பது ஓட்டும்போதும் முட்டாது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

நான் நினைப்பது: பெல்ட்டை மாட்டும்போது கேம் குறி நேராக வரவில்லை, அதை ஸ்பேனரால் லேசாகத் திருப்பி நேராக்கி மாட்டியிருக்கிறீர்கள். பிறகு கையை எடுத்ததும் இழுக்கும் பக்கத்தில் கொஞ்சம் தொய்வு நின்றுவிட்டது. சரியா?

உறையூர்வாசி | ஞாயிறு, காலை 10:24

பக்கத்தில் நின்று பார்த்தது போலச் சொல்கிறீர்கள் ஐயா. அப்படியேதான்.

பீளமேடு பட்டறை | ஞாயிறு, காலை 10:40

முப்பது வருடத்தில் நானே எத்தனை முறை செய்திருக்கிறேன்.

இப்போது டென்ஷனரைத் தளர்த்தி, ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளி, அந்த நிலையிலேயே பிளவுப் போல்ட்டைத் தற்காலிகமாக இறுக்குங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். கேமைக் குறிக்கு நேராக வையுங்கள், கிராங்கையும். இரண்டையும் பார்த்த பிறகு, கேம் சக்கரத்தை அரைப் பல் அளவு மட்டும் கடிகாரத் திசையில் தாண்டி வையுங்கள். அந்த நிலையில் பெல்ட்டைக் கிராங்கிலிருந்து இழுக்கும் பக்கமாக மேலே கொண்டுபோய்க் கேமில் பொருத்துங்கள். கேமை விட்டதும் அது அரைப் பல் பின்னால் வந்து குறியில் உட்காரும், அப்படி உட்காரும்போது இழுக்கும் பக்கம் நரம்பு போல விறைத்திருக்க வேண்டும். விரலால் தட்டிப் பாருங்கள், தொளதொளவென்று ஆடக் கூடாது. பெல்ட் நழுவாமல் இருக்க இரண்டு துணி மாட்டும் கிளிப்பை எடுத்துக் கேம் சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள். பட்டறையில் எங்களுக்கு அதுதான் சிறப்புக் கருவி.

பிறகு டென்ஷனரை விடுங்கள். கிளிப்பை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

உறையூர்வாசி | ஞாயிறு, மதியம் 1:50

மூன்றாவது முயற்சியில் உட்கார்ந்தது. இரண்டாவது முயற்சியில் கிளிப்பை எடுக்க மறந்தேன், நீங்கள் சொல்லியிருந்தும்.

இந்த முறை இழுக்கும் பக்கத்தைத் தட்டியபோதே கைக்குத் தெரிந்தது. முந்தைய முறை ஈரத் துணிக்கொடி போல இருந்தது, இப்போது தம்புராவின் தந்தி போல. இரண்டு சுற்று, குறி இரண்டும் நேர். இன்னும் இரண்டு சுற்று, நேர். நம்பிக்கை வராமல் மொத்தம் பத்துச் சுற்றுச் சுற்றினேன். எதிர்வீட்டுக்காரர் எண்ணினார். குமரன் அண்ணா சொன்ன வெள்ளைக் கோடுகள் எங்கெங்கோ போய்விட்டன. உங்கள் குறிப்பைப் படிக்காமல் இருந்திருந்தால் நானும் கழற்றியிருப்பேன்.

கிராங்க் போல்ட்டுக்கு 140 நியூட்டன் மீட்டர் வைத்தேன், சேவைக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான். மறுபடி மனைவி பிரேக்கில்.

உறையூர்வாசி | ஞாயிறு, மாலை 4:30

சாவியைத் திருப்புவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நடுக்கம் இல்லை. கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பார்த்தேன். ஒரு சீட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி மூடிமேல் ஒட்டிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும்: ஆக்சிலரேட்டரை விடும்போது மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கிறது.

வேலூர் கணக்கர் | ஞாயிறு, மாலை 5:10

வாழ்த்துகள். என் கருத்து மாறவில்லை, ஆனால் ஒரு பல் தவறியதும் சாவியைத் தொடாமல் இங்கே வந்து கேட்டீர்கள் பாருங்கள், அதற்காக ஒரு கும்பிடு. ஊளை என்றால் பெல்ட் இறுக்கம் அதிகம் என்று மேலே எழுதியிருக்கிறார்களே?

பீளமேடு பட்டறை | ஞாயிறு, மாலை 5:35

மற்ற மூன்று பெல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஒரு அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம், வாட்டர் பம்ப் நிற்கும். சத்தம் நின்றுவிட்டால் அந்தப் பெல்ட்தான் காரணம். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஊளை இருந்தால் டைமிங் பெல்ட்.

உறையூர்வாசி | ஞாயிறு, மாலை 6:15

ஆல்டர்னேட்டர் பெல்ட்தான் ஐயா. அதைத்தான் நான் நெம்பி நெம்பி இறுக்கியிருந்தேன். சற்றுத் தளர்த்தியதும் நின்றுவிட்டது.

திருப்பூர் மலர் | ஞாயிறு, இரவு 8:40

பழைய டென்ஷனரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? அதைக் கையில் பிடித்துச் சுற்றிவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். "நன்றாகத்தான் இருக்கும்" என்றார்களே, எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

உறையூர்வாசி | ஞாயிறு, இரவு 9:05

இரண்டையும் சுற்றிப் பார்த்தேன். கடையில் வாங்கியபோது புதியதை விரலால் சுண்டியிருந்தேன், ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாமல் நின்றது. பழையது பம்பரம் போல, நிற்கவே மாட்டேன் என்கிறது. அப்படியானால் பழையதுதான் நல்ல நிலையில் இருக்கிறதா?

பீளமேடு பட்டறை | ஞாயிறு, இரவு 9:20

இல்லை தம்பி. புதிய பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருக்கும், அதனால் கனமாகச் சுற்றி உடனே நிற்கும். பம்பரமாகச் சுற்றினால் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று பொருள். காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றுங்கள்.

உறையூர்வாசி | ஞாயிறு, இரவு 9:31

மணலை முறத்தில் போட்டு ஆட்டுவது போல ஒரு சத்தம். அதை இப்போது மகன் பிடுங்கிக்கொண்டான். சுண்டிவிட்டு, நிற்கும்வரை எண்ணுகிறான். இதுவரை அதிகம் 34.